குடிசைக்கு ஒரு புகைபோக்கி

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் அடுக்குமாடிக் காவலாளி மணல் வாளியைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க மாடி ஏறி வந்தார்.

விஷயம் வேறொன்றுமில்லை. என் மருமகள் மீன் குழம்பு வைத்துக்கொண்டிருந்தாள்.

விறகடுப்புக் குழம்புக்குத் தனி ருசி என்று போனில் ஏதோ வீடியோ பார்த்திருக்கிறாள். ஆன்லைனில் ஒரு இரும்பு அடுப்பை வரவழைத்தாள். கீழே மரம் வெட்டிய இடத்தில் கிடந்த கட்டைகளைப் பொறுக்கி வந்தாள். பால்கனியில், காயப்போட்டிருந்த துணிகளுக்கு நேர் கீழே பற்றவைத்துவிட்டாள். எரிந்ததோ இல்லையோ, நன்றாகப் புகைந்தது. மேல் வீட்டிலிருந்து போன் வந்தது. எதிர் வீட்டுக்காரர் நேரிலேயே வந்துவிட்டார்.

எல்லோரும் போன பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டே, "அடுப்புல என்ன கோளாறு அத்தை?" என்றாள்.

அடுப்பில் ஒரு கோளாறும் இல்லை. விறகு பச்சை. அதையும் வாய் நிறையத் திணித்திருந்தாள். காற்று நுழைய இடமில்லை. நெருப்புக்கும் மூச்சுவிட வேண்டும் இல்லையா? விறகை மெல்லிசாகப் பிளந்து, வெயிலில் சுக்காகக் காயவைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் பாதி விறகில் வேலை முடியும், புகையும் அடங்கும். தலைக்கு மேல் துணி தொங்கக் கூடாது. மூடிய அறையில் மூட்டவே கூடாது. பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர், கொஞ்சம் மணல். சமையல் முடிந்ததும் கொள்ளியை வெளியே இழுத்து அணைத்துவிட வேண்டும்—தானாக அணையட்டும் என்று விட்டுவிட்டுத் தூங்கப் போகக் கூடாது.

கடகடவென்று நான் சொல்லிக்கொண்டே போக, அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். வாராவாரம் இந்தப் பத்தியை விடாமல் படிக்கிற உங்களுக்குத் தெரிந்தது அவளுக்கு மறந்துபோயிருக்கிறது... எழுத வருவதற்கு முன்னால் நான் கிராம சேவிகா. அடுப்பு போட்டுக் கொடுப்பதற்கென்றே சம்பளம் வாங்கியவள்.

அன்று சாயங்காலம் அவளிடம் சொன்ன கதையை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

குடவாசலுக்குப் பக்கத்தில் எனக்கு முதல் போஸ்டிங். ஊர் ஊராகப் போய்ப் பெண்களுக்குச் சத்துணவு, சுகாதாரம் எல்லாம் எடுத்துச் சொல்ல வேண்டும். கூடவே புகையில்லா அடுப்பு போட்டுக் கொடுக்க வேண்டும். களிமண்ணால் நீளமாக ஒரு மேடை. விறகு வைக்க ஒரு வாய், பாத்திரம் வைக்க இரண்டு கண். முன் கண்ணில் சோறு வேகும்போதே, அதே நெருப்பில் பின் கண்ணில் குழம்பு கொதிக்கும். புகை மட்டும் மண்குழாய் வழியாகக் கூரைக்கு மேலே போய்விடும்.

கேட்க நன்றாக இருக்கிறது, இல்லையா? ஆனால் காலம் அப்படி, எழுபதுகளின் தொடக்கம். கூலி உயர்வு கேட்டு ஊருக்கு ஊர் போராட்டம். கூலிக்காரர்கள் தெருமுனையில் கறுப்பு சிவப்புக் கொடி ஒரு கம்பத்தில், வெறும் சிவப்புக் கொடி இன்னொரு கம்பத்தில். தகராறு நடந்த ஊர்களில் குடிசைகள் எரிந்த கதைகள் வாய்க்கு வாய் வந்துகொண்டிருந்தன. கூரை வீட்டுக்குள் நெருப்பைப் பற்றிப் பேச வந்த என்னை யார் வரவேற்பார்கள்?

அந்தச் சமயத்தில்தான் ராஜாங்கம் என்னைத் தேடிப் பஞ்சாயத்து யூனியன் ஆபீசுக்கு வந்தார். ஐப்பசி அடைமழை. தலையில் சாக்கைக் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு வாசலிலேயே நின்றார். ஒரு பண்ணையில் கூலி வேலை. பண்ணைக்குச் சொந்தமான மேட்டில்தான் அவர் குடிசையும், அந்தத் தெரு முழுவதும்.

அவர் மனைவி அஞ்சம்மாள் ஏழு மாத கர்ப்பிணி. வீட்டுக்குள் அடுப்பு மூட்ட மாட்டேன் என்கிறாளாம். சின்ன வயதில் குத்தாலம் பக்கத்தில் அவள் பிறந்த குடிசை அடுப்புப் பொறியில் எரிந்திருக்கிறது. முன்கையில் இன்னும் அந்தத் தழும்பு. அதனால் வாசலில் மூன்று கல்லை வைத்து, மட்டையைக் கூரையாகச் சாய்த்துக்கொண்டு, நனைந்தபடியே சமைக்கிறாள். நடவு நட்டுவிட்டு வந்து ஈர விறகை ஊதி ஊதி இருமல் பிடித்துவிட்டது. பல நாள் அடுப்பே பற்றாமல் பழையதைக் குடித்துவிட்டுப் படுத்துவிடுகிறாள்.

"அவ பயப்படாத மாதிரி ஒரு அடுப்பு போட்டுக் குடுங்கம்மா" என்றார்.

விறகு மிச்சமாகிற அடுப்பு, பாத்திரம் கரி பிடிக்காத அடுப்பு—எல்லாம் கேட்டிருக்கிறார்கள். பயப்படாத அடுப்பு என்று யாரும் கேட்டதில்லை.

மறுநாளே போனேன். அஞ்சம்மாள் உள்ளே வரவில்லை. வாசற்படியில் நின்றபடி ஒவ்வொன்றாகக் கேட்டாள். பொறி மேலே போய்க் கீற்றில் ஒட்டிக்கொண்டால்? குழாய் சூடாகிக் கூரை பற்றிக்கொண்டால்? நியாயமான கேள்விகள். கூரையில் குழாய் போகிற இடத்தைச் சுற்றிக் கீற்றை அகலமாக வெட்டி எடுத்தோம். மண்ணெண்ணெய் டின் ஒன்றைப் பிரித்து, அந்த ஓட்டையில் தகடாகப் பொருத்தி, நடுவில் குழாயை நிறுத்தினோம். குழாய்க்கும் கீற்றுக்கும் ஒரு முழம் இடைவெளி. கூரைக்கு மேலே நன்றாக உயர்த்தி உச்சியில் ஒரு மூடி. அடுப்புக்குப் பின்னால் இருந்த தட்டியைக் களிமண்ணால் கனமாகப் பூசினோம். உள்ளே கிடந்த வைக்கோலை எல்லாம் வெளியேற்றினேன். வாரம் ஒரு நாள் குழாயில் படிகிற கரியைத் தட்டிவிட வேண்டும், அதுவும் பற்றிக்கொள்ளும் என்று சொன்னேன்.

களிமண் காய்ந்ததும் முதல் நாள் சமையல். அஞ்சம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அடுப்பு முன்னால் உட்கார்ந்தாள். ஒரே ஒரு குச்சி விறகை உள்ளே தள்ளிப் பற்றவைத்தாள். பக்கத்தில் நின்ற ராஜாங்கத்தைக் காணோம். எங்கே போனார் என்று வெளியே வந்து பார்த்தால்... மழைத் தூறலில் கூரை மேல் உட்கார்ந்திருக்கிறார். குழாயைச் சுற்றியிருந்த கீற்றின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு.

"சுடல. நீ ஒலய வையி" என்று மேலேயிருந்து சொன்னார்.

சோறு வடிக்கிற வரைக்கும் அவர் கையை எடுக்கவில்லை. அன்றைக்கு மட்டுமில்லை. அவள் அடுப்பு மூட்டும்போதெல்லாம் கூரை ஏறினார். தெருவே சிரித்தது. ஒரு நாள் அவளே வெளியே வந்து, "எறங்கி வா. சோறு ஆறுது" என்று கூப்பிட்டாளாம். அதற்குப் பிறகு ஏறவில்லை.

குழாயைக் கூரைக்கு மேலே உயர்த்தினோம் என்றேன் அல்லவா? அதுதான் வம்பையும் கொண்டுவந்தது. வயல் வரப்பிலிருந்தே அது தெரிந்தது.

நான் வேறொரு வேலையாக அந்தத் தெருவில் இருந்த அன்று பண்ணையின் காரியஸ்தர் வந்தார். கத்தவில்லை. குடையை மடக்கிவிட்டு, குழாயை அண்ணாந்து பார்த்தார். குடியிருக்கிற மனை குடியிருப்பவருக்கே என்று அரசாங்கம் சட்டம் கொண்டுவந்திருந்த நேரம். அதிகாரிகள் வந்து பார்ப்பார்கள் என்று பேச்சு. மூன்று கல்லை இன்றைக்கு இங்கே வைக்கலாம், நாளைக்கு அங்கே வைக்கலாம். தரையோடு தரையாகக் கட்டி, கூரைக்கு மேலே குழாய் வைத்த அடுப்பு? அது இருக்கிற இடம் வீடு. எனக்குப் புரியாமல் போனது அவருக்குப் பார்த்தவுடனே புரிந்துவிட்டது.

"கல்லு வச்சு ஆக்கித் தின்னுக்க. குழா வச்ச அடுப்பெல்லாம் எங்க எடத்துல கூடாது. இடிச்சுரு" என்றார் ராஜாங்கத்திடம்.

இது கவர்மெண்ட் திட்டம் என்று நான் குறுக்கே போனேன். அவர் என்னிடம் மரியாதையாகத்தான் பேசினார்.

"நீங்க நாளைக்கு மாத்தலாகி வேற ஊருக்குப் போயிடுவீங்கம்மா. இவன் எங்க போவான்?"

ராஜாங்கம் என்னையும் பார்க்கவில்லை, அவரையும் பார்க்கவில்லை. தட்டியில் சாய்த்திருந்த மண்வெட்டியை எடுத்தார். வேலை போனால் வயிற்றுப் பிள்ளைக்காரிக்குச் சோறு ஏது என்றுதான் நினைத்திருப்பார். குனிந்து உள்ளே நுழையப் போனவரை அஞ்சம்மாள் வழியிலேயே நிறுத்தினாள்.

"அத கீழ வைய்யா. அடுப்பு என்னோடது. இடிக்கறதுன்னா நான்தான் இடிக்கணும்."

பிறகு காரியஸ்தர் பக்கம் திரும்பினாள். அதே குரல்தான், உயரவில்லை.

"மழையில நனைஞ்சு நடவும் நட்டுட்டு, மழையில நனைஞ்சு சோறும் ஆக்க முடியாதுங்க. நான் இடிக்க மாட்டேன்."

நாளையிலிருந்து இரண்டு பேரும் வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு அவர் குடையை விரித்துக்கொண்டு போனார். ராஜாங்கம் மண்வெட்டியைப் பழையபடி தட்டியில் சாய்த்தார். நான் பஸ் ஏறி வந்துவிட்டேன். அடுப்பு போட்டுக் கொடுத்து அவர்கள் அடுப்பில் உலை ஏறாமல் செய்துவிட்டோமோ என்று அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலையில் உடைந்த மண்ணைப் பார்க்கப் போகிறோம் என்ற நினைப்போடுதான் போனேன். தெருவில் கூட்டம். பயந்துபோய்க் கிட்டே போனால்... பெண்கள். ஆளாளுக்கு ஒரு கூடைக் களிமண். எதிர் வீட்டுப் பாக்கியம் முன்னால் வந்து, "எங்களுக்கும் ஒண்ணு போட்டுக் குடுங்க. போட்டுட்டுத்தான் நடவுக்கு எறங்குவோம்" என்றாள்.

அப்போதுதான் கவனித்தேன். நடவு நடக்க வேண்டிய நேரத்தில் ஒரு பெண்ணும் வயலில் இல்லை. பறித்துக் கட்டிய நாற்று முடிகள் வரப்போரம் கிடந்தன. தெருவே சேர்ந்து அடுப்பு கட்டியது. குழாய்க்கு நான் ஆபீசில் மன்றாட வேண்டியிருந்தது. அது வந்து சேரும்வரை யாரும் பற்றவைக்கக் கூடாது என்று ஒவ்வொருத்தியிடமும் கையடித்துச் சத்தியம் வாங்கினேன். கூரையில் தகடு வைக்கிற வேலையை ராஜாங்கம் வீடு வீடாகப் போய்ச் செய்தார். அதில் அவரைவிட அனுபவசாலி யார்?

அடுத்த நாள் காரியஸ்தர் தெருமுனை வரை வந்தார். எல்லா வீட்டிலும் ஈரம் காயாத அடுப்பு. எதை இடிக்கச் சொல்வது? யாரை வேலையிலிருந்து நிறுத்துவது? பறித்த நாற்று எத்தனை நாள் காத்திருக்கும்? அடுப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"நாத்து வீணாப் போவுது. வாங்க" என்றார்.

அஞ்சம்மாளும் ராஜாங்கமும் வரலாமா என்று பாக்கியம் கேட்டாள்.

"அவங்களும்தான்." முகத்தை வயல் பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னார்.

தை பிறந்த கையோடு அஞ்சம்மாளுக்குப் பெண் குழந்தை. சுகப்பிரசவம். குழந்தையைக் குளிப்பாட்டப் பின் கண்ணில் எப்போதும் வெந்நீர் இருந்தது. இருமல் எப்போது நின்றது என்று அவளுக்கே ஞாபகமில்லை.

கொஞ்ச காலம் கழித்து மனை விசாரணைக்குத் தாலுகா ஆபீசிலிருந்து ஒருவர் வந்தார். அடுப்பு போட்டவள் என்பதால் என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள். இதெல்லாம் நடவுக்கு வந்து தங்கிப்போகிறவர்கள் போட்ட கொட்டகை, நிரந்தரமில்லை என்று பண்ணை சார்பில் சொன்னார்கள். வந்தவர் ஒவ்வொரு குடிசையிலும் தலையைக் குனிந்து நுழைந்தார். அடுப்பைப் பார்த்தார். குழாயைத் தொட்டு, விரலில் ஒட்டிய கரியைப் பார்த்தார். தங்கிப்போகிறவன் குழாய் வைத்து அடுப்பு கட்டுவானா என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டு எழுதினார். அந்தத் தெருவுக்கே மனை கிடைத்தது.

அன்றைக்கு ராஜாங்கம் குடிசை முன்னால் நின்றபோது அந்த அதிகாரி வழக்கம்போல், "இது யார் வீடு?" என்று கேட்டார்.

ராஜாங்கம் யோசிக்கவே இல்லை. இடுப்பில் குழந்தையோடு நின்ற அஞ்சம்மாளைக் காட்டினார்.

"அவ வீடுங்க. நான் கூட இருக்கேன்."

அதிகாரி சிரித்துவிட்டு ராஜாங்கத்தின் பெயரைத்தான் எழுதினார். சர்க்கார் வழக்கம் அப்படி... அந்த வீட்டு வழக்கம் வேறு.