உலர்கூடத்தின் ஒட்டுச்சுவர்

போடியில் ஏலக்காய் உலர்த்தும் கூடங்களை வடிவமைத்துக் கட்டிக்கொடுப்பது என் தொழில். சிலமலையில் வயல் வைத்திருந்த எங்கள் குடும்பத்தில் முதலில் என்ஜினியரிங் படித்தவள் நான். எனக்கு வேலை கொடுப்பவர்கள் எல்லாம் மேலே மலையில் இருக்கும் எஸ்டேட்காரர்கள். கடலுக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இருந்ததில்லை. அதனால் ராமநாதபுரம் பக்கத்துக் கடலோர ஊரிலிருந்து ஓர் அக்கா போனில் கூப்பிட்டபோது, நம்பர் மாறி வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

"ஏலக்காய காயவைக்கிற கூடம் நீங்கதான கட்டுறீக? எங்க பாசியவும் அப்படிக் காயவைக்க முடியுமா தங்கச்சி?"

கடலில் மூங்கில் மிதவை கட்டிப் பாசி வளர்க்கும் பெண்கள் குழுவுக்கு அவர் தலைவி. கூடவே சிப்பியும் வளர்க்கத் தொடங்கியிருந்தார்கள். மழைக்காலத்தில் பாசி காயாமல் அழுகியது. சிப்பியை எடுத்த அன்றே அவித்துச் சதை பிரிக்க வேண்டியிருந்தது. இரண்டுக்கும் சேர்த்து ஒரே கட்டடம் வேண்டும் என்றார்.

நான் வரைந்தேன். நடுவில் ஓர் அடுப்பு. அதன் புகைக்குழாய் உலர்கூடத்தின் தரையோடு சுற்றிப் போய்ச் சூடு கொடுக்கும். அதே நெருப்பில் மறுபக்கம் சிப்பி அவிப்பதற்கான தொட்டி. கூடத்துச் சுவரை ஒட்டி, பெண்கள் உட்கார்ந்து சதை பிரிக்க ஓர் அறை. மழைநாளில் சுவரின் சூடு அவர்களுக்கு இதமாக இருக்கும். ஒரே நெருப்பில் மூன்று வேலை. எனக்கே பெருமையாக இருந்தது.

"கட்டுறதுக்கு முன்னாடி ஓடுற கூடத்த ஒரு தடவ கண்ணால பாத்துடுறேன்" என்று சொல்லிவிட்டு அந்த அக்கா மதுரை வந்து, அங்கிருந்து ரயிலேறி போடிக்கு வந்து இறங்கினார்.

பல நாளாக விடாத மழை. ஜீப்பில் போடிமெட்டு ஏறும்போது மஞ்சுமூட்டம் இறங்கி வழியே தெரியவில்லை. மாநில எல்லையைத் தாண்டி, சரிவில் இருந்த ஒரு பழைய ஏலக்காய் ஸ்டோருக்குக் கூட்டிப் போனேன்; உலர்கூடத்தை மலையில் அப்படித்தான் சொல்வார்கள். அது நான் கட்டியதல்ல. ஆனால் அமைப்பு கிட்டத்தட்ட என் வரைபடம்தான்: கூடம், அதை ஒட்டி ஓர் அறை. அந்த அறையில் நெருப்புப் போடுபவரும் அவர் மனைவியும் குடியிருந்தார்கள்.

மனைவி தலையில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வெளியே வந்தார். முகம் வெளிறியிருந்தது.

"மேலுக்கு முடியலையாக்கா?" என்று கேட்டேன்.

"மழை பிடிச்சதுலருந்து மண்டையிடி ஆத்தா. அவருக்கும் அப்படித்தான். குளிரு ஒத்துக்கலபோல. அடைக்கு உக்காந்த கோழிகூட உள்ளயே செத்துக்கெடந்துச்சு. அவரு கூடத்துக்குள்ளதான் காய் கிளறுறாரு, போய்ப் பாருங்க. சூடா காப்பி போட்டுக் கொண்டாறேன்."

அவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நாங்கள் கூடத்துக்குள் நுழைந்தோம். சூடும் ஏலக்காய் மணமும் முகத்தில் அறைந்தன. புகை துளிகூட இல்லை. தட்டுகளின் வரிசைக்கு நடுவே நின்று, குழாய் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று விளக்கிக்கொண்டிருந்தேன். பேசப் பேச நெற்றிப்பொட்டு தெறித்தது. ஜீப்பில் வளைவு வளைவாக வந்த கிறுகிறுப்பு என்று நினைத்தேன்.

அக்கா என் கையைப் பிடித்தார். "தங்கச்சி, எனக்கு மூச்சு பத்தல. வெளிய போவோம்."

உள்ளே காய் கிளறுவதாகச் சொன்ன மனிதரின் குரல் இதுவரை கேட்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கடைசி வரிசைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். ஏலக்காய்த் தட்டில் முகம் புதைய விழுந்து கிடந்தார்.

கத்தினேன். ஜீப் டிரைவர் ஓடி வந்தார். மூவரும் இழுத்து அவரை மழையில் போட்டோம். நிமிர்ந்து பார்த்தேன். மழைத்தண்ணீர் இறங்காமல் இருக்க, புகைபோக்கியின் வாயைத் தகரத்தால் பாதிக்கு மேல் மூடியிருந்தார்கள். தணலாகக் கிடந்த நெருப்பின் நச்சுக்காற்று மேலே போக வழியில்லாமல், துருப்பிடித்த குழாயின் ஓட்டைகள் வழியே கூடத்துக்குள்ளும், ஒட்டுச்சுவரின் இடுக்குகள் வழியே அறைக்குள்ளும் இறங்கியிருந்தது. அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை.

"அந்தப் பொம்பள எங்க?" என்றார் அக்கா.

அறைக்கதவை டிரைவர் தோளால் இடித்துத் திறந்தார். கொட்டிய காப்பிக்குப் பக்கத்தில் அந்தப் பெண் சரிந்து கிடந்தார்.

இருவரையும் ஜீப்பில் ஏற்றி, காற்று வரட்டும் என்று படுதாவைச் சுருட்டிக் கட்டிவிட்டு, சாரலில் நனைந்தபடி போடிக்கு இறங்கினோம். "வெரசா போ அப்பு, வெரசா போ" என்று அக்கா டிரைவரிடம் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். மடியில் கிடந்த அந்தப் பெண்ணின் கன்னத்தைத் தட்டுவதை அவர் நிறுத்தவே இல்லை.

இருவரும் பிழைத்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து நடந்தே வெளியே வந்தார்கள். அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

சில வாரம் கழித்து போடி பஸ் ஸ்டாண்டில் அவர்களைப் பார்த்தேன். மனைவி கணவரின் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்துச் சிரித்தார், யாரென்று தெரியாத சிரிப்பு. "பெத்த மக பேரையே கேக்குறா ஆத்தா" என்றார் கணவர். "நல்லாத்தான் இருந்தா. திடீர்னு இப்படி ஆயிட்டா. அந்த விஷக்காத்து சில பேருக்கு மெதுவாத்தான் வேலையக் காட்டும்னு டாக்டரு சொல்றாரு."

வீட்டுக்கு வந்து வரைபடத்தை எடுத்து முன்னால் விரித்துவிட்டு அக்காவைப் போனில் கூப்பிட்டேன். நான் வாய் திறக்கும் முன்பே அவர் சொன்னார்: "அந்த ஒட்டுச்சுவரு வேணாம் தங்கச்சி."

அடுப்பைத் தனியாக வெளியே தள்ளினேன். குழாயில் புகைக்குப் பதிலாக வெந்நீர் ஓடும். சிப்பிச் சதை பிரிக்கும் அறை தள்ளி நிற்கும் தனிக் கொட்டகையாயிற்று, அதற்கு இடுப்பளவுச் சுவர்தான்; உலர்கூடத்தின் இரண்டு பக்கமும் மேற்பாதி திறந்திருக்கும். பாசி காய அதிக நேரம் பிடிக்கும் என்றேன். பிடிக்கட்டும் என்றார். அப்படியே கட்டினோம்.

முதல் மழைக்காலத்தில் போனில் அவர் குரலில் களைப்பு தெரிந்தது. "சாரல் உள்ள அடிக்குது. பாதிப் பாசி போச்சு. தார்ப்பாய் கட்டி மூடிக்கிறோம், நடுவுல தணல்சட்டி வச்சா வெரசா காஞ்சுரும்னு பொண்ணுக கேக்குறாளுக. நான் விடல. ஆனா நாளைக்கு ஒரு சோலியா ராமநாதபுரம் போறேன், நான் இல்லாத நேரத்துல வச்சிருவாளுகளோன்னு இருக்கு…"

அவருக்குப் பின்னால் காற்றின் இரைச்சல் கேட்டது.

"நீங்க போகாதீக அக்கா" என்றேன். "நான் கிளம்பி வர்றேன்."