பாப்பா எடுத்த அளவு

கைத்துப்பாக்கித் தோட்டாவின் சுட்டு முடிந்த காலிப் பித்தளைக் கூட்டில் மருந்தும் குண்டும் மறுபடி நிரப்பும் முன் விளிம்பைச் சீவ வேண்டுமா, வேண்டாமா? எனக்கு இன்னும் விடை தெரியவில்லை.

போன மாதம் ஓசூர் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மீசைக்காரர், என் டிபன் டப்பா மூடியைக் கேட்டு வாங்கி, அதில் காலிக் கூடுகளை நிறுத்தி, ஒற்றைக் கண்ணால் உயரம் பார்த்தபடியே வந்தார். மறுநாள் கிருஷ்ணகிரியில் அவருக்குச் சுடும் போட்டி.

"இதுங்களுக்கும் டிக்கெட் போடட்டுங்களா?" என்றார் கண்டக்டர். பஸ்ஸே சிரித்தது.

மீசைக்காரர் என்னிடம் திரும்பினார். "ஒசரம் ஒண்ணா இல்லேன்னா குண்டை ஒரே மாதிரி பிடிக்காதும்மா, குறி தப்பும். ஆனா கழுத்து ஒடுங்காம நேரா இருக்கிற இந்த மாதிரி கூடு சுடச்சுடக் குறுகுமே தவிர வளராது. சீவிட்டா திரும்ப ஒட்ட முடியுமா? நீயே சொல்லு, சீவட்டா?"

அதற்குள் என் மடியிலிருந்த குழந்தை ஒரு கூட்டை எடுத்து வாயில் வைத்தாள். பதறிப் பிடுங்கினேன். பார்த்தால், இருந்ததிலேயே அதுதான் குட்டை!

"பாப்பா சொல்லிட்டா! எல்லாத்தையும் இதுக்குச் சமமா சீவிடறேன்!" அவர் துள்ளி எழுந்தார்.

"ஐயோ சார், பல் முளைக்கிற குழந்தைங்க, எதையும் கடிக்கும்!" என்று நான் கத்துவதற்குள், பஸ் நின்ற இடத்தில் கூடுகளோடு இறங்கிப் போய்விட்டார்.

துப்பாக்கி தெரிந்த வாசகர்களே, என் மகள் அவரை ஜெயிக்க வைத்தாளா, தோற்கடித்தாளா? தயவுசெய்து சொல்லுங்கள்.