அறுபத்து மூன்று பின்னூட்டங்கள்

ஹார்டுவேர் கடையில் இருபத்திரண்டு வருடம் நின்றே காலம் தள்ளிய மனிதர் அவர். ஆணியோ தாழ்ப்பாளோ, கேட்ட மாத்திரத்தில் எடுத்து மேஜையில் வைப்பார். ஆனால் ஒரு வார்த்தை யோசனை சொல்ல வாயைத் திறந்தால் போதும், "கேட்டதக் குடுங்க, நேரமாச்சு" என்று வெட்டிவிடுவார்கள். வீட்டில் மட்டும் என்ன வாழ்ந்தது? மனைவி பள்ளிக்கூட அலுவலகத்தில் குமாஸ்தா. நாள் முழுக்க அடுத்தவர் புலம்பலைக் கேட்டுவிட்டு வருகிறவளுக்கு இவர் பேச்சையும் கேட்கத் தெம்பு இருக்காது. மனுஷன் எங்கே போய்ப் பேசுவார்? வலைப்பூ ஆரம்பித்தார்.

கசியும் குழாயை நிறுத்துவது எப்படி, சுவரில் ஓதம் ஏறினால் என்ன செய்வது என்று வாரம் ஒரு பதிவு. முதல் பின்னூட்டம் வந்த அன்று அதை மனைவிக்கு மூன்று தடவை படித்துக் காட்டினார். "சார், உங்களால ஒரு பிளம்பர் செலவு மிச்சம்" என்று யாரோ எழுதியிருந்தார்கள். அவ்வளவுதான், தலைகால் புரியவில்லை. பாராட்டியவர்கள் பெயரெல்லாம் அவருக்கு மனப்பாடம். சாப்பிடும்போதுகூட, "இருபிள்ளைத்தாய் இன்னைக்கு என்ன எழுதியிருக்காங்க தெரியுமா" என்றுதான் ஆரம்பிப்பார். இருபிள்ளைத்தாய் என்பது ஒரு வாசகியின் புனைபெயர். பதிவு வெளிவந்த பத்தாவது நிமிடம் நன்றி சொல்லிவிடும் புண்ணியவதி.

குளிர்காலம் தொடங்கியதும் ஒரு பதிவு போட்டார். கேஸ் கீசர் வைத்த குளியலறையில் குளிர்காற்று புகுகிறதா? மேலே இருக்கும் சின்ன ஜன்னலை அட்டை வைத்து மூடி, சுற்றிலும் டேப் ஒட்டுங்கள், கதவிடுக்கில் ரப்பர் பட்டை வையுங்கள், வெந்நீர் சூடு ஆறாது. படங்களோடு, படிப்படியாக. அவர் வீட்டில் இருப்பது கரண்டில் ஓடும் ஹீட்டர். தன் வீட்டில் செய்து பார்க்காமல் அவர் எழுதிய ஒரே பதிவு அதுதான்.

அன்றைக்கே 'பழைய ஃபிட்டர்' என்ற பெயரில் ஒரு ஆள் எழுதினார்: "உள்ள கேஸ் எரியுது, நீங்க ஜன்னல அடைக்கச் சொல்றீங்க. கொஞ்சமாவது மூளை இருக்கா? ஆள் செத்துப்போகும். பதிவை எடுங்க."

மூளை இருக்கா என்ற இடத்தோடு இவர் படிப்பதை நிறுத்திவிட்டார். கடையில்தான் கண்டவன் பேச்சைக் கேட்கிறோம், இங்கேயுமா? பின்னூட்டத்தை அழித்தார். அதோடு விட்டாரா? இனி யார் எழுதினாலும் தான் அனுமதித்த பிறகுதான் வெளியே தெரிய வேண்டும் என்று பூட்டும் போட்டார். வருகிறவற்றின் முதல் இரண்டு மூன்று வார்த்தை மட்டும் பட்டியலில் தெரியும், எழுதியவர் பெயர்கூடத் தெரியாது. "அருமை" என்று தொடங்கினால் அனுமதி. "சார், ஒரு சந்தேகம்" என்றோ வேறெப்படியோ தொடங்கினால் அப்படியே கிடக்கட்டும். சந்தேகம் என்று வருகிறவனெல்லாம் ஃபிட்டருக்குச் சொந்தக்காரன் என்பது அவர் கணக்கு. ஃபிட்டர் அதற்குப் பிறகு ஐந்து தடவை எழுதினார். பாவம், கடைசித் தடவை திட்டவே இல்லை. "என்னை என்ன வேணா சொல்லுங்க, அந்தப் பதிவை மட்டும் எடுத்துடுங்க" என்று கெஞ்சியிருந்தார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. மனைவி ஏதோ படிவம் நிரப்பக் கணினியில் உட்கார்ந்தாள். வலைப்பூ திறந்தபடியே இருந்தது.

"என்னங்க, அறுபத்து மூணு பேர் எழுதினது அப்படியே கெடக்கு. என்னன்னுகூடப் பாக்க மாட்டீங்களா?"

"எல்லாம் வெட்டிப்பேச்சு. விடு."

அவள் விடவில்லை. படித்துக்கொண்டே போனவளின் முகம் மாறியது. "இங்க வாங்க" என்றாள். அந்தக் குரலைக் கேட்டு அவர் எழுந்து வந்தார்.

இருபிள்ளைத்தாய் எழுதியது மூன்று இருந்தது. "சார், ஒரு சந்தேகம். நீங்க சொன்னபடி ஜன்னல அடைச்சாச்சு. அதுலேர்ந்து குளிச்சிட்டு வந்தா எனக்குத் தலை வலிக்குது. சூட்டினாலயா?" ஒரு வாரம் கழித்து: "சார், சின்னவன் குளிச்சிட்டு வந்து வாந்தி எடுத்தான். பதில் போடுங்க." அதற்கும் நான்கு நாள் கழித்து: "சார், பெரியவ உள்ள மயங்கி விழுந்துட்டா. நீங்க பதில் சொல்வீங்கன்னு பார்த்துக்கிட்டே இருக்கேன்." அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. மூன்று வாரமாக ஒன்றும் இல்லை.

நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இவங்க பேரு என்ன? எந்த ஊரு?" என்றாள் மனைவி.

"தெரியாது."

"தெனம் இவங்க புராணம்தானே பாடுவீங்க? பேரு தெரியாதா?"

சத்தியமாகத் தெரியாது. ஃபிட்டர் எழுதியதை இப்போதுதான் முழுதாகப் படித்தார்: அடைத்த அறையில் கேஸ் எரிந்தால் வாசனையே இல்லாத விஷக்காற்று சேரும். பதிவை எடுத்தார். அந்த இடத்தில், "ஜன்னலைத் திறந்து வையுங்கள், கீசரைத் தொடாதீர்கள், நான் எழுதியது தவறு" என்று போட்டார். இருபிள்ளைத்தாய்க்கும் அதையே பதிலாக எழுதி, எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டார். பிறகு இருவரும் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு மணி நேரம் போனது. அவர் வேண்டாத தெய்வம் இல்லை.

பதில் வந்தது. "நல்லா இருக்கோம் சார்! அன்னைக்கு அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடி, பொழைச்சுட்டா. எதனாலன்னு அங்கயும் தெரியல. வீடு ராசியில்லன்னு மாத்திட்டோம். நீங்க இவ்வளவு அக்கறையா கேட்டதே சந்தோஷம்."

அவர் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். மனைவி அழவில்லை, இன்னும் படித்துக்கொண்டிருந்தாள். கீழே ஒரு வரி பாக்கி இருந்தது.

"ஒண்ணு சார். உங்க பதிவ அப்பவே பிரிண்ட் எடுத்துப் பழைய குடியிருப்பு நோட்டீஸ் போர்டுல ஒட்டியிருந்தேன். நாப்பது வீட்டுலயும் அதே மாதிரி செஞ்சுட்டாங்க. அவங்களும் தெறக்கணுமா?"

தாளில் பின்னூட்டம் கிடையாது. ஒட்டினது ஒட்டினபடி இருக்கும்.

யாருடைய நம்பராவது கொடுங்கள் என்று தட்டினார். எழுத்தெல்லாம் பிசகியது. அந்த வாசகியிடம் இருந்தது பழைய குடியிருப்பு வாட்ச்மேன் நம்பர் ஒன்றுதான். நான்காவது மணியில் எடுத்தார்கள்.

"போர்டுல குளியலறை ஜன்னல் பத்தி ஒரு பேப்பர் இருக்கா?"

"இருக்கே சார். நல்ல பேப்பர். நீங்க யாரு?"

"அத எழுதினவன். கிழிச்சுப் போடுங்க. வீடு வீடாப் போய் ஜன்னலத் தெறக்கச் சொல்லுங்க. விஷக்காத்து சார், வாசனைகூட வராது!"

"சார்... எங்க வீட்டுலயும் நாந்தான் அடைச்சேன்."

"இப்ப யாராவது உள்ள இருக்காங்களா?"

"எம் பொண்ணு குளிக்கப் போனா. ரொம்ப நேரமாச்சு."

"கதவத் தட்டுங்க! ஒடைங்க!"

போன் எங்கோ விழுந்தது. செருப்புச் சத்தம் ஓடியது. "அம்மாடி, அம்மாடி" என்று அந்த மனிதர் கதவைத் தட்டுவது இவருக்குத் தெளிவாகக் கேட்டது. தட்டிக்கொண்டே இருந்தார். உள்ளேயிருந்து தண்ணீர் கொட்டும் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.