பன்றிக்குச் சொன்ன ஜெபமாலை

பெரியப்பா குவைத்தை விட்டு ஒரேயடியாக ஊர் திரும்பியதும் வாங்கிய வண்டியில் நாலு சக்கரமும் இழுக்கும். எட்டுப் பேர் உட்காரலாம். ஏசி உண்டு. கியருக்குப் பக்கத்தில் இன்னொரு குட்டிக் கியர் இருக்கும். அதைப் போட்டால் மலையே ஏறும் என்றார்கள். நீடாமங்கலத்தைச் சுற்றி மலைக்கு எங்கே போவது? ஆற்றங்கரைதான் எங்களுக்கு உயரமான இடம். அதில் நாலு முறை ஏற்றி இறக்கிக் காட்டிவிட்டு, வண்டியைத் துடைத்துத் துணி போட்டு மூடிவிட்டார். சீட்டின் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கவே அவருக்கு ஒரு வருடம் ஆனது.

அப்பேர்ப்பட்ட வண்டியை அவர் மனமிரங்கி வெளியே விட்டது அத்தையின் கல்யாணத்துக்காக. அத்தை என் அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் ஒரே தங்கை. ஏற்கெனவே ஒரு பஹ்ரைன் மாப்பிள்ளை அமைந்து, மாதா கோயிலில் கல்யாண அறிவிப்பாக ஓலை வாசிக்கிற வரைக்கும் போய், அந்த வாரம் பார்த்துத் தாத்தா இறந்துபோனார். துக்க வீட்டில் ஒரு வருடத்துக்கு நல்ல காரியம் கிடையாது. மாப்பிள்ளைக்கோ லீவு நாற்பது நாள்தான். அவர் வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டு விமானம் ஏறிவிட்டார். அதற்குப் பிறகு அத்தைக்கு மூன்று வருடம் எதுவும் அமையவில்லை.

இப்போது வந்தது சிங்கப்பூர் மாப்பிள்ளை, மயிலாடுதுறைக்காரர். லீவு இருபத்தைந்து நாள், அதில் ஆறு கழிந்துவிட்டது. ஞாயிறு பூசை முடிந்ததும் பெண் பார்க்க வருகிறார்கள், வண்டி அனுப்பி அழைத்துவர வேண்டும் என்று ஏற்பாடு. இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் எனக்கு ஒரு மாமா இருந்தாரே.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. பேராவூரணிப் பக்கம் அவருக்குத் தென்னந்தோப்பு. தென்னங்கன்றுகளைக் காட்டுப்பன்றி தோண்டித் தின்றுகொண்டிருந்ததால் அந்த ஊர்க்காரர்கள் சனிக்கிழமை விடியலில் வலை கட்டுவதாகத் தகவல். "சிங்கப்பூர்ல எல்லாம் கெடைக்கும். காட்டுப்பன்னிக் கறி கெடைக்குமா?" என்று கேட்டார் மாமா. தோப்புக்குப் போகும் பாதை மழையில் சேறாகிக் கிடந்தது. குட்டிக் கியருக்கு முதன்முதலாக ஒரு வேலை வந்ததில் பெரியப்பாவும் சபலப்பட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டார்.

"ஒரு சொட்டு ரத்தம் சீட்டுல பட்டுச்சு, அப்புறம் நான் மனுசனா இருக்க மாட்டேன்" என்று சொல்லித்தான் கொடுத்தார். எனக்கு அப்போது ஒன்பது வயது. அழுது புரண்டு அப்பாவோடும் மாமாவோடும் நானும் தொற்றிக்கொண்டேன்.

நாங்கள் போய்ச் சேர்வதற்குள் பன்றியைப் பிடித்து, மரத்தில் தலைகீழாகக் கட்டி, ரத்தம் முழுக்க வடிய விட்டிருந்தார்கள். குடலை அங்கேயே எடுத்துப் புதைத்தார்கள். காய்ந்த மட்டைத் தீயில் மயிரைப் பொசுக்கி, சுரண்டி, மஞ்சள் தேய்த்துக் கழுவினார்கள். பிறகு கூறு போட்டார்கள். முதலில் பாய்ந்த நாய் யாருடையதோ அவருக்குத் தலை, வலைக்காரருக்கு முன்னங்கால், தோப்புக்காரருக்குப் பின்னந்தொடை. மாமாவின் பங்கான அந்தத் தொடையோடு ஒரு பக்க விலாவும் எங்களுக்குக் கிடைத்தது.

அதை ஏற்றிய விதத்தை நினைத்தால் இன்றும் மலைப்பாக இருக்கிறது. கறியைத் துணியால் ஈரம் போகத் துடைத்து, உப்பும் மஞ்சளும் தடவி, வாழை இலையில் சுற்றி, அதற்கு மேல் கழுவிக் காயவைத்த யூரியா சாக்கு. வண்டியின் பின்பக்கம் நெல் காயப்போடும் தார்ப்பாயை நாலு ஓரமும் மடித்துத் தட்டு மாதிரி ஆக்கினார் மாமா. அதில் முழங்கால் உயரத்துக்கு வைக்கோல், அதன் நடுவில் சாக்கு. மேலே தேங்காய்களைப் பரப்பினார்கள். காட்டுப்பன்றியைப் பிடிப்பது சட்டப்படி குற்றம் என்று எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. அவர்களுக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அத்தனை தேங்காய் எதற்கு? "யாருகிட்டயும் வாயத் தொறக்கக் கூடாது" என்று மாமா என்னிடம் சத்தியம் வேறு வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் பெரியப்பா வெள்ளை வேட்டியின் நுனியால் வண்டிக்குள் மூலை மூலையாகத் துடைத்துப் பார்த்தார். வேட்டி வெள்ளையாகவே இருந்தது. மாமா மீசையைத் தடவிக்கொண்டார். பெரியப்பா உள்ளே உட்கார்ந்து கதவைச் சாத்தினார். ஒரு நிமிடம் கழித்து வெளியே வந்து ஒரே வார்த்தை சொன்னார்: "வாடை."

அதற்குப் பிறகு நடந்ததற்கு அம்மாவும் பெரியம்மாவும்தான் பொறுப்பு. முதலில் பினாயில் போட்டுக் கழுவினார்கள். பினாயில் வாடை போக எலுமிச்சை தேய்த்தார்கள். அதுவும் போதாமல் ஞாயிறு காலையில் தூபக்காலில் கரி போட்டுச் சாம்பிராணிப் புகையை வண்டிக்குள் அடைத்தார்கள். பன்னீர் தெளித்தார்கள். கண்ணாடிக்கு முன்னால் சம்பங்கி மாலை ஒன்று, அதன் அருகில் கொத்தாக ஊதுபத்தி. இப்போது பன்றி வாடை துளியும் இல்லை என்று எல்லாரும் மூக்கை நீட்டி ஒப்புக்கொண்டார்கள்.

மாமா ஓட்ட, நான் துணைக்கு. மயிலாடுதுறையில் மாப்பிள்ளையும் அவருடைய அம்மாவும் ஏறினார்கள். மரியாதைக்குக் குறைவில்லாமல் கண்ணாடியை எல்லாம் ஏற்றி ஏசியைப் போட்டார் மாமா. அந்த அம்மா மூச்சை ஒரு முறை இழுத்தார். மாலையைப் பார்த்தார். காலடியில் கிடந்த வைக்கோல் துணுக்கைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. பிறகு கைப்பையைத் திறந்து ஜெபமாலையை எடுத்தவர் வழி முழுக்க அதைக் கீழே வைக்கவே இல்லை. நல்ல பக்தியான குடும்பம் என்று மாமா என்னிடம் கண்ணைக் காட்டினார்.

எங்கள் வாசலில் இறங்கியதும் அந்த அம்மா நேராகக் கூடத்துக்குள் போய் என் அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"எப்ப நடந்துச்சு? ஏன் எங்களுக்குச் சொல்லி அனுப்பல?"

"என்னதுங்க நடந்துச்சு?" என்றாள் அம்மா.

"மறைக்காதீங்க. வண்டியில ஏறினதுமே தெரிஞ்சுபோச்சு. யாரு தவறினது?"

அப்பா பெரியப்பாவைப் பார்க்க, பெரியப்பா மாமாவைப் பார்க்க, மாமா கூரையைப் பார்த்தார். உண்மையைச் சொன்னால் பன்றி வெளியே வரும். சொல்லாவிட்டால் வீட்டில் ஒரு சாவு. பெரியவர்கள் மூன்று பேரும் எதைச் சொல்வது என்று திணறியதை என்னால் பொறுக்க முடியவில்லை.

"யாரும் சாகலைங்க. பன்னிதான் செத்துச்சு. அதத்தான் இந்த வண்டியில கொண்டாந்தோம்!"

சொன்ன பிறகுதான் சத்தியம் ஞாபகம் வந்தது. மாமாவின் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை. அந்த அம்மா என்னையே பார்த்தார்.

"காட்டுப்பன்னியா?"

"ஆமாங்க. பேராவூரணியில புடிச்சது."

அவர் பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தார். "மாதாவே! அதுக்கா நான் மூணு ஜெபமாலை சொன்னேன்?" என்று சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். மாப்பிள்ளை சிரித்தார். கடைசியாகப் பெரியப்பாவும் சிரித்தார். அப்பாடா என்று எனக்கு உயிர் வந்தது. இருந்தாலும் மாமா பிடிப்பதற்குள் தப்பிக்கலாம் என்று உள்ளறைக்கு ஓடினேன்.

அங்கே அத்தை கூடத்தை ஒட்டிய சுவரோடு சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். பட்டுப்புடவை உடுத்தியிருந்தாள். ஆனால் தலையில் பூ இல்லை. இரண்டு முழம் மல்லிகையும் தையல் மிஷின் மேல் கிடந்தது. பக்கத்தில் கழற்றி வைத்த ஒரு கை வளையல்கள். காதில் ஒரு தோடுதான் இருந்தது. இன்னொன்று உள்ளங்கையில் இருந்தது.

"நெசமாவே பன்னிதானா?" என்று கேட்டாள்.

"ஆமா அத்தை."

"வேற யாருக்கும் ஒண்ணும் இல்லியே?"

"இல்ல அத்தை."

அவள் தோட்டை மாட்டப் பார்த்தாள். திருகாணி பிடிபடாமல் இரண்டு முறை கீழே விழுந்தது. நான்தான் தேடி எடுத்துக் கொடுத்தேன். பிறகு திரும்பி நின்று, பூவை வைத்துவிடச் சொன்னாள். ஹேர்பின்னைக் குத்தும்போது அவள் தோள் ஆடிக்கொண்டே இருந்தது. "ஆடாம நில்லுங்க அத்தை" என்று அதட்டினேன். வைத்த பூ சரியாக நிற்கவில்லை, அதனால்தான் கழற்றியிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, இந்த முறை விழாதபடி நாலு ஹேர்பின் சேர்த்துக் குத்தினேன்.