மனு எழுதிய கையும் மடல் எழுதிய கையும்

எங்கள் பக்கத்தில் வாழ்த்து மடல் இல்லாமல் ஒரு விழாவும் நடக்காது. கல்யாணமோ பணி ஓய்வோ, கண்ணாடிச் சட்டம் போட்ட மடலை ஒருவர் மேடையில் உரக்க வாசித்துக் கையில் கொடுத்தால்தான் நிறைவு. எழுதித் தர ஊருக்கொரு தமிழாசிரியர் அகப்படுவார். எங்கள் ஊரில் அகப்பட்டவன் நான். எச்சில் கையால் காக்காய் ஓட்டாதவரை வள்ளல் என்று எழுதியிருக்கிறேன். அதனால் யாருக்கு என்ன கெட்டுவிடப் போகிறது என்றுதான் நினைத்திருந்தேன்.

எங்கள் பள்ளியில் ஓர் அறிவியல் ஆசிரியர் இருந்தார். தாமிரபரணியில் மணல் அள்ளும் லாரிகளைப் பற்றி அதிகாரிகளுக்கு மனுக் கொடுத்தார். அதை எழுதியது நான். நல்ல மனு, இப்போதும் சொல்வேன். கையெழுத்துப் போடும்போது மட்டும், "முதல்ல நீங்க போடுங்க, பொறவு நான் போடுதேன்" என்றேன். போடவேயில்லை. லாரிகள் செல்வாக்குள்ள ஓர் அரசியல் பிரமுகருடையவை. இரண்டே மாதத்தில் அறிவியல் ஆசிரியருக்கு வேறு மாவட்டத்துக்கு மாறுதல் வந்தது. எட்டாம் வகுப்புப் படிக்கும் மகளின் படிப்பு கெடக்கூடாதென்று மனைவியையும் அவளையும் இங்கேயே விட்டுவிட்டுப் போனார்.

அதே பிரமுகர் எங்கள் பள்ளிக்கு ஒரு கட்டடம் கட்டிக் கொடுத்தார். திறப்பு விழாவுக்கு மடல் வேண்டுமென்று தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டார். ஆற்றைக் காத்தவர் என்று அதில் வர வேண்டுமாம்.

"வேற யாரையாவது எழுதச் சொல்லுங்களேன்."

"அவரே உம்மதான் கேட்டிருக்காரு வே. அந்த மனுவையும் படிச்சாராம். தமிழ் நல்லா இருக்குன்னாரு." வாசலைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "உம்ம அம்மா படுக்கையில கெடக்காங்க. நீரும் ஊரை விட்டுப் போக முடியுமா?"

அதற்குமேல் நான் மறுக்கவில்லை. பயம்தான், அதற்கு வேறு பெயர் எதற்கு? அம்மாவைப் புரட்டிப் படுக்கவைக்க என்னைத் தவிர ஆளில்லை. எழுதினேன். வெட்கக்கேடு என்னவென்றால், நன்றாகவே எழுதினேன். எதுகையும் மோனையும் கூப்பிட்ட குரலுக்கு ஓடி வந்தன.

விழாவில் மடலைக் கேட்டுப் பிரமுகர் கண் கலங்கினார். அத்தோடு சனியன் தொலைந்தது என்றிருந்தேன். மறுவாரமே அதைப் பிள்ளைகள் ஒப்பிக்கும் போட்டி வைக்கச் சொல்லிவிட்டார். நடுவர் நான். மடலில் எழுதியவர் பெயர் போடும் வழக்கம் இல்லாததால், அது என் கைவேலை என்று பிள்ளைகளுக்குத் தெரியாது.

ஏழாவதாக அறிவியல் ஆசிரியரின் மகள் மேடையேறினாள். லாரி யாருடையது, அப்பா ஏன் போனார் என்பதெல்லாம் அவளுக்கு வீட்டில் சொல்லியிருக்கவில்லை. ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தாள். "ஆற்றைக் காத்த அண்ணலே" என்ற இடத்தில், சரியாகச் சொன்னேனா என்பதுபோல என்னைப் பார்த்துச் சிரித்தாள். அப்பாவைத் துரத்தியவனை மகள் வாயாலேயே வாழ்த்த வைத்த பாவி நான். மதிப்பெண்ணைக் குறைக்கலாமென்றால் அது இன்னொரு அநியாயம். முதல் பரிசு கொடுத்தேன்.

சாயங்காலம் அவள் அப்பா போனில் கூப்பிட்டார்.

"போன்ல முழுசும் சொல்லிக் காட்டினா, சார்வாள். கேட்ட ஒடனே உங்க எழுத்துன்னு தெரிஞ்சுட்டு."

அம்மா காதில் விழாதபடி போனை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன்.

"அவகிட்ட நான் சொல்லலை. உங்க மேல ரொம்ப மதிப்பு வச்சிருக்கா. அது அப்படியே இருக்கட்டும்."

திட்டியிருந்தால் எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். மறுநாள் முதல் பாடவேளை அவள் வகுப்பு. எல்லோரோடும் எழுந்து நின்று வணக்கம் சொன்னாள். அவள் பள்ளிப் படிப்பை முடிக்க இன்னும் நான்கு வருஷம் இருக்கிறது.