கல்வராயன் மலைச் சாவடியில் நின்றுபோன வெல்லம்

இந்தப் பயணத்துக்குக் காரணம் என் வீட்டுக்காரரோடு போட்ட சண்டை. காவல்துறைக்கு நிதி ஒதுக்குவதைப் பற்றிச் சட்டசபையில் பேச்சு ஓடிக்கொண்டிருந்த நாட்கள் அவை. கள்ளச்சாராயச் சாவுகளுக்குப் பிறகு மலையடிவாரத்தில் சோதனைச் சாவடி, கேமரா, புது ஜீப் என்று அரசு செலவு செய்வதைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். "இந்தக் காசுக்கு மலைக்கு நாலு பஸ் ஜாஸ்தியா வுடலாம்" என்றார் அவர். எனக்கு வந்ததே கோபம். உயிர் போனால் பஸ் விட்டு என்ன பயன் என்று நான் கத்த, நேரில் பார்த்துவிட்டு வந்து பேசு என்று அவர் சொல்ல, ஆடி மாதம் ஒரு வியாழக்கிழமை கிளம்பிவிட்டேன். கல்வராயன் மலைக்குப் பெண்கள் தனியாகப் போகலாமா, பாதுகாப்பு எப்படி என்று உங்களில் பலரும் கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். அதுவும் சேர்ந்துகொண்டது.

கடலூரிலிருந்து காலை ஐந்தரைக்குப் புறப்பட்டு, உளுந்தூர்பேட்டையில் பஸ் மாறி, ஒன்பது மணிக்குக் கள்ளக்குறிச்சி. அங்கே வாடகைக் கார் எடுத்தேன். இரண்டு நாளுக்கு, டீசல் உட்பட, ஆறாயிரத்து ஐந்நூறு. டிரைவர் சேகர், முப்பது வயதுக்காரர். மலைக்குப் போக ஜீப்பும் கிடைக்கும், பஸ்ஸும் உண்டு. பஸ்ஸை விட்டால் அடுத்ததற்கு எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதை மட்டும் யாரும் உறுதியாகச் சொல்ல மாட்டார்கள். இந்த இடத்தில் என் வீட்டுக்காரர் ஜெயித்துவிட்டார், ஒத்துக்கொள்கிறேன்.

கச்சிராயபாளையத்தில் டீ குடிக்க நிறுத்தினோம். டீக்கடையை ஒட்டி நான்கு பெண்கள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு மூட்டை உருண்டை வெல்லத்தை நான்கு துணிப்பைகளில் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு வாய் சும்மா இருக்காது. ஏன் பிரிக்கிறீர்கள் என்று கேட்டேன். அவர்களில் நாற்பது வயது மதிக்கத்தக்கவர் பதில் சொன்னார். அவர் பெயரை மாற்றி ராமாயி என்று எழுதுகிறேன். ஊர்ப்பெயரையும் எழுதப்போவதில்லை.

"மொத்தமா கொண்டு போனா சாராயம் காச்சறதுக்குன்னு நெனச்சுக்குவாங்கங்க. ஆளுக்கு அஞ்சு கிலோ, வேற வேற பஸ்ஸுல போய்க்கினு இருப்போம்."

வெல்லம் மாரியம்மன் பொங்கலுக்கு. அவர்கள் ஊரில் பொங்கலுக்கு வெல்லம் போடுவது வருஷத்துக்கு ஒரு வீட்டின் முறை. ராமாயியின் கணவர் முன்பு சாராயம் காய்ச்சி ஜெயிலுக்குப் போய் வந்தவர். அதிலிருந்து அவர்கள் வீட்டைத் தாண்டித்தான் முறை போய்க்கொண்டிருந்ததாம். அவர் தொழிலை விட்டு, சாமை விதைத்து, ஊரார் காலில் விழாத குறையாகக் கேட்டு, இந்த வருஷம்தான் முறை திரும்பக் கிடைத்திருக்கிறது. மறுநாள் வெள்ளிக்கிழமை பொங்கல்.

கேட்டதும் எனக்கு மனசு உருகிவிட்டது. நான்கு பேர் நான்கு பஸ்ஸுக்குக் காத்திருப்பானேன், மொத்தத்தையும் என் கார் டிக்கியில் போடுங்கள், நீங்களும் ஏறுங்கள் என்றேன். ராமாயி தயங்கினார். "வாணாங்க, சாவடியில கேப்பாங்க." நான் விடவில்லை. "நான் டீச்சர்மா. கேட்டா நான் சொல்றேன். கோயில் காரியத்துக்குப் போறத யார் தடுப்பா?" சேகர்கூட என்னை ஒரு மாதிரி பார்த்தார். "மேடம், அவங்க பழக்கப்படி போவட்டுமே" என்றார். நான் அவரையும் அடக்கினேன். இருபது கிலோ வெல்லம் மறுபடி ஒரே மூட்டையாக டிக்கிக்குப் போனது. மூட்டையோடு ராமாயி மட்டும் ஏறினார்; மற்ற மூவரும் பஸ்ஸிலேயே வருவதாகச் சொல்லி வெறுங்கையோடு நின்றார்கள்.

கோமுகி அணையைத் தாண்டிப் போகிற வழியில் ராமாயி பேசிக்கொண்டே வந்தார். கணவர் புதுச் சட்டை எடுத்து வைத்திருக்கிறாராம். பொங்கப் பானையில் முதல் உருண்டையை அவர் கையால் போட வேண்டுமாம். நான் பெருமையில் மிதந்துகொண்டிருந்தேன்.

சாவடி எது, எங்கே என்று எழுத மாட்டேன். பார்க்க நன்றாகவே இருந்தது. சுத்தமான சின்னக் கட்டடம், தடுப்புக் கம்பி, நாலா பக்கமும் கேமரா, இரவுக்குப் பெரிய விளக்கு. அரசு கொடுத்த காசு கண்ணுக்குத் தெரிந்தது. இறங்கி ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளலாமா என்றுகூட கேட்டேன். கூடாது என்று ஒரு காவலர் சிரித்துக்கொண்டே சொன்னார். அப்புறம் டிக்கியைத் திறக்கச் சொன்னார்.

மூட்டையைப் பார்த்ததும் உள்ளேயிருந்து எஸ்.ஐ. வந்தார். மரியாதையான மனிதர். ராமாயி கோயில் பொங்கல் என்று சொன்னதை முழுவதும் கேட்டார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"மேடம், இவங்க சொல்றது நிஜமா? நீங்க பொறுப்பா சொன்னீங்கன்னா விட்டுடறோம். உங்க பேரு, அட்ரஸ் மட்டும் எழுதிக்குவோம். பின்னாடி ஏதாவதுன்னா கூப்பிடுவோம்."

அவ்வளவுதான் அவர் கேட்டது. நான் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்து ஏற்றிய ஆள் நான். ஆனால் பேர், அட்ரஸ் என்றதும் ஒரு அடி பின்னால் நகர்ந்தேன். ராமாயியின் கணவர் ஜெயிலுக்குப் போனவர் என்பது நினைவுக்கு வந்தது. நிஜமாகவே சாராயத்துக்காக இருந்தால்? பள்ளிக்கூடத்துக்குப் போலீஸ் வந்தால்? தலைக்கு மேலே கேமரா வேறு என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

"எனக்கு இவங்கள முன்னபின்ன தெரியாது சார்" என்றேன். "வழியில லிஃப்ட் கேட்டாங்க. கோயிலுக்குன்னுதான் சொன்னாங்க. நெஜமா பொய்யான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

லிஃப்ட் கேட்டாங்க என்று சொன்னேன். ராமாயி கேட்கவே இல்லை. வற்புறுத்தி ஏற்றியது நான். சேகர் தலையைக் குனிந்துகொண்டார். ராமாயி என்னைத் திட்டவில்லை, அழவில்லை. எஸ்.ஐ. மூட்டையை இறக்கச் சொன்னார். ஊர்ப் பெரியவர் யாராவது வந்து சொன்னால் எடுத்துப் போகலாம் என்றார். அவர் வேலையை அவர் சரியாகத்தான் செய்தார். "நீங்க போங்க மேடம்" என்று எனக்குக் கம்பியைத் தூக்கிவிட்டார்கள்.

"ஏறுங்கம்மா" என்றேன் ராமாயியிடம். "நான் பஸ்ஸுல வந்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டு ரோட்டோரம் போய் நின்றுகொண்டார்.

மலைமேல் இருக்கும் வெள்ளிமலை போய்ச் சேர்ந்தோம். தங்கிய அறை எண்ணூறு ரூபாய், சுத்தம், வெந்நீர் இல்லை. மேகம் அருவியில் தண்ணீர் நன்றாக வந்தது. போட்டோ எதுவும் எடுக்கவில்லை, அதனால் இந்தப் பதிவில் படம் இல்லை.

போக நினைப்பவர்களுக்கு: பெண்கள் தனியாகப் போகலாம், பயமில்லை. ஆடியில் சாரல் இருக்கும், குடை வேண்டும். கச்சிராயபாளையத்திலேயே கையில் பணம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மலைப்பாதை வளைவுகளில் வாந்தி வருகிறவர்கள் முன் சீட்டில் உட்காருங்கள். சாவடியில் உங்கள் காரை மரியாதையாகத்தான் நடத்துவார்கள். வழியில் யாரையாவது ஏற்றினால், கேட்கிற இடத்தில் அவர்களுக்காகப் பேசும் தைரியம் இருக்கிறதா என்று முதலில் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அவர்களை அவர்கள் வழியில் விட்டுவிடுங்கள். அரசு செலவு செய்தது தண்டமா என்று கேட்டால், இல்லை. அங்கே எல்லாமே ஒழுங்காக வேலை செய்தது, என்னைத் தவிர.

இதோடு முடித்துவிடத்தான் நினைத்தேன். ஆனால் வெள்ளிக்கிழமை காலை நான் அந்த ஊருக்குப் போனதையும் எழுதாவிட்டால் மனசு கேட்காது.

எல்லோர் முன்னாலும் நடந்ததைச் சொல்லி, தப்பு என்னுடையது என்று ஒப்புக்கொள்ளத்தான் போனேன். கோயிலருகே பானை வைத்திருந்தார்கள். ராமாயி என்னைப் பார்த்ததும் விறுவிறுவென்று வந்து ஓரமாக இழுத்துக்கொண்டு போனார்.

"இன்னாத்துக்குங்க வந்தீங்க? கூட வந்தவங்களும் நானும் கடையில நல்ல வெல்லம் இல்லன்னு சொல்லி வச்சிருக்கோம். எங்க வூட்டுக்காருக்கும் அதான். சாவடியில புடிச்சாங்கன்னு தெரிஞ்சா, மறுபடியும் காச்சறான்னுதான் ஊர்ல பேசுவாங்க. நீங்க நல்லது பண்றதா இருந்தா வாயத் தொறக்காதீங்க."

அதற்குள் அவர் கணவர் வந்துவிட்டார். மடிப்புக் கலையாத புதுச் சட்டை. நான் யார் என்று ராமாயியே சொன்னார்: கச்சிராயபாளையத்தில் பழக்கமான டீச்சர், பொங்கல் பார்க்க வந்திருக்கிறார். அவர் என்னைப் பாயில் உட்கார வைத்தார். நாலைந்து வீட்டில் இருந்த வெல்லத்தைத் தட்டிப் போட்டுப் பொங்கல் வைத்திருந்தார்கள். இனிப்பு கம்மி. முதல் இலை எனக்கு.

"இந்த வாட்டி கொற வச்சுட்டோம் டீச்சரம்மா" என்றார் அவர். "கெஞ்சிக் கேட்டு அடுத்த ஆடிக்கும் எங்க மொறையே வாங்கியிருக்கேன். அப்ப நீங்க கார்ல வரும்போது வெல்லத்த ஏத்திக்கினு வந்துட்டீங்கன்னா நல்லாருக்கும். உங்கள மாதிரி ஆளுங்கள சாவடியில ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் ராமாயி முந்திக்கொண்டார். "அவங்கள நம்பிக்கினு இருக்காத. நாம பஸ்ஸுலயே கொண்டாந்துக்கலாம்."

அவர் மனைவியை அதட்டினார். வந்த விருந்தாளியிடம் இப்படியா பேசுவது என்று முகம் சிறுத்துப் போயிற்று அவருக்கு. என் பக்கம் குனிந்து, "அவளுக்குப் பேசத் தெரியாது, தப்பா எடுத்துக்காதீங்க, மன்னிச்சுக்குங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

பரவாயில்லை என்றேன்.