அக்கா கழற்றி வைத்த மூச்சு

உலை கொதிக்கத் தொடங்கும் சத்தம் இப்போதும் எனக்கு ஆவதில்லை. பானையின் அடியிலிருந்து குமிழிகள் ஒவ்வொன்றாக எழும்பினாலே அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வந்துவிடுகிறேன். அக்காவின் தலைமாட்டில், ஆக்ஸிஜன் சிலிண்டரில் மாட்டியிருந்த குடுவைத் தண்ணீரும் இப்படித்தான் கொப்புளித்துக்கொண்டிருந்தது. பதினோரு நாள்.

அக்கா பிறந்தது வன்னியம்பட்டியில். என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். அம்மா போன பிறகு எனக்குத் தலை பின்னிவிட்ட கை அவருடையது. ஸ்ரீவில்லிபுத்தூரில் வாழ்க்கைப்பட்டார். சில வருடங்களிலேயே அத்தானைப் பறிகொடுத்துவிட்டு, கைக்குழந்தையோடு ராஜபாளையம் வந்தார். எண்பதுகளின் தொடக்கத்தில் ஆஸ்பத்திரிப் பஞ்சு செய்யும் கம்பெனியில் சேர்ந்து, பதினேழு வருடம் அந்தத் தூசிக்குள்ளேயே நின்றார். மாலையில் வீடு திரும்பும்போது புருவம் நரைத்திருக்கும். முகம் கழுவினால் கறுத்துவிடும். நெஞ்சுக்குள் போனதைக் கழுவ வழியில்லை. இருமிக்கொண்டே, "எனக்கென்ன, நல்லாத்தான இருக்கேன்" என்பார். அந்தச் சொல்தான் அவரைக் கொண்டுபோனது. சொந்தக்காரர்களுக்குக் கொடுக்கப் போடும் இந்த நினைவு மலரில் இப்படியெல்லாம் எழுதக் கூடாது என்றார்கள். எழுதுகிறேன்.

சென்ற ஆடியில் மூச்சு முட்டி, ராஜபாளையத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மூக்குக் குழாயில் கொஞ்சமாகத்தான் ஆக்ஸிஜன் வைத்தார்கள். இன்னும் திறந்துவிடலாமே என்று நான் சிலிண்டர் திருகில் கை வைத்தபோது டாக்டர் அதட்டினார்.

"கை வைக்காதீங்கம்மா. இவங்களுக்குக் கெட்ட காத்து வெளிய வர மாட்டேங்குது. ஆக்ஸிஜனைக் கூட்டினா சொகமாத் தூங்குற மாதிரி இருக்கும். அந்தத் தூக்கம் ஆபத்து."

பிறகு ஒரு பெட்டியைக் கொண்டுவந்தார். எங்கள் ஊருக்கு அது புதிது. தொண்டையில் குழாய் இறக்காமல், முகத்தில் இறுக்கிக் கட்டிய மாஸ்க் வழியாகவே காற்றைத் தள்ளி, உள்ளே தேங்கும் கெட்ட காற்றை வெளியேற்றும். சாப்பிட மட்டும் கழற்றலாம், அதுவும் பத்து நிமிஷம் என்றார்.

மூக்குத்தண்டு புண்ணாகாமலிருக்க நர்ஸ் பஞ்சு வைத்துக் கட்டினார். அக்கா அதைக் கிள்ளி, விரலில் உருட்டிப் பார்த்தார். "நம்ம கம்பெனிப் பஞ்சுட்டி. எம்புட்டுத் தும்மியிருப்பேன் இதுக்கு." மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டார்.

ஆனால் நம் சனத்துக்கு 'ஆக்ஸிஜன் வச்சாச்சாம்' என்றால் அது கடைசியாக முகம் பார்க்க வரச்சொல்லும் சேதி. எஸ்.டி.டி. பூத் வழியாக அது ஊர் ஊராகப் போயிற்று. பஸ் பஸ்ஸாக வந்தீர்கள். "மாஸ்க்கு மாட்டியாச்சா? அப்ப அம்புட்டுத்தான்" என்று அக்காவின் காதுபடவே சொன்னவர்கள் கையிலும் இந்த மலர் இருக்கும். அன்றிலிருந்து வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலே அக்காவின் கை மாஸ்க்குக்குப் போயிற்று.

அப்போது அக்காவின் மகளுக்கு மம்சாபுரத்தில் சம்பந்தம் பேசி, பூ வைப்பது மட்டும் பாக்கி. பத்தாம் நாள் பகலில் மாப்பிள்ளை வீட்டார் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள்.

"ஏட்டி, இதக் கழட்டு. இந்தக் கோலத்துல பாத்தா பொண்ணெடுப்பாகளா?"

"டாக்டர் ஏசுவாருக்கா."

"டாக்டரா எம்மகளக் கட்டிக்கிடப் போறாரு?"

சிரித்துவிட்டேன். சிரித்துக்கொண்டேதான் வாரை அவிழ்த்தேன். அவிழ்த்தது நான். பெட்டியை நிறுத்தத் தெரியவில்லை. சேலையைப் போட்டு மூடினேன். அக்காவுக்குத் தலை சீவி, நெற்றிக்கு இட்டு, தலையணையில் சாய்த்து உட்காரவைத்தேன்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தார்கள். சமையல்காரர் முதல் பந்தல்காரர் வரை எல்லாம் பேசி முடித்தார் அக்கா. உதடு நீலம் பாரித்ததைப் பார்த்தேன். பார்த்துவிட்டு, வந்தவர்களுக்குக் காப்பி ஊற்றினேன்.

அவர்கள் போனபிறகு அக்கா தூங்கினார். அத்தனை நாளில் அப்படி ஒரு தூக்கத்தை நான் பார்க்கவில்லை. பேசிய அசதி, தூங்கட்டும் என்றிருந்தேன். டாக்டர் சொன்ன தூக்கம் அதுதான். நர்ஸ் வந்து கன்னத்தில் தட்டினார். மாஸ்க்கைக் கட்டினார்கள், பெட்டி காற்றைத் தள்ளியது, அக்கா திரும்பவில்லை. மறுநாள் காலை குடுவையின் குமிழியும் நின்றது.

பதினாறாம் நாள் விசேஷத்தில் மாப்பிள்ளையின் அம்மா என் அருகில் வந்து உட்கார்ந்தார். "ஆக்ஸிஜன் வச்சிருக்குன்னு கேட்டுத்தான மதினி பாக்க வந்தோம். சேலைக்கடியில பெட்டி இரைஞ்சது எங்களுக்குக் கேக்காமலா? மாட்டிக்கிட்டே இருந்திருக்கலாம்ல, நாங்க என்ன அசலாளுகளா?"

வருகிற ஆவணியில் அந்த வீட்டில்தான் கல்யாணம். அனைவரும் வரவேண்டும்.

இனி நன்றி. என் முகத்தைப் பாராமலே இறப்புச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டுத் தந்த டாக்டருக்கு. பஞ்சு வைத்துக் கட்டிய நர்ஸுக்கு. தினமும் கஞ்சி கொண்டுவந்த, தெலுங்கு பேசும் பக்கத்து வீட்டு அம்மாவுக்கு. அவர் ஒருவர்தான் வாசலிலேயே நின்று, கழற்ற வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டுப் போவார். வந்து பார்த்த உறவினர்களுக்கும் நன்றி சொல்வது முறை. சொல்லிவிட்டேன்.

கட்டிலுக்கு நேரே ஜன்னல், ஜன்னலுக்கு நேரே பஸ் நிறுத்தம். அன்று மாப்பிள்ளை வீட்டார் அங்கே போய் நின்றதும் மாஸ்க்கை எடுத்து அக்காவின் முகத்தருகே கொண்டுபோனேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"செத்த நேரம் பொறுட்டி. அவிய பஸ் ஏறட்டும்."